ரயிலுக்கு மேலே யார்?

திருகோணமலைக்குப் பக்கத்துச் சீனக்குடாவில் சில கிலோமீற்றருக்குள் நாட்டின் போக்குவரத்து முழுவதையும் பார்த்துவிடலாம். விமான ஓடுபாதை, மாவு ஆலையின் இறங்குதுறை, எண்ணெய்த் தாங்கிகள், இவற்றுக்கு நடுவே சின்னதாக ஒரு ரயில் நிலையம். ஓடுபாதை விமானப்படையினுடையது. ஆனாலும் பயணிகளோடு ஒரு சிவில் விமானம் அங்கே இறங்க வேண்டுமானால், விமானத்துக்கும் விமானிக்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அந்த அதிகாரசபை பயணிகளை ஏற்றி விமானம் ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர்களைக் கவனிப்பதுதான் அதன் வேலை. துறைமுகத்தை நடத்துவது துறைமுக அதிகாரசபை. கப்பல் கடலோடத் தகுதியானதா, மாலுமிக்குச் சான்றிதழ் உண்டா என்று பார்ப்பது வணிகக் கப்பற்றுறைச் செயலகம் என்ற வேறொரு அலுவலகம். வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் விலையிலும் கடைசிச் சொல் மின்சார சபையுடையதல்ல, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுடையது.

ரயில் நிலையத்துக்கு வந்தால் இப்படி ஓர் இரண்டாவது ஆள் கிடையாது. ரயிலை ஓட்டுவது, ஓட்டும் விதியை எழுதுவது, விதிப்படி ஓடுகிறதா என்று பார்ப்பது, தடம் புரண்டால் ஏன் புரண்டது என்று விசாரிப்பது எல்லாம் ஒரே திணைக்களம்.

அதற்காக ரயில்வே திணைக்களத்தை யாருமே கவனிப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. கணக்கு வழக்கில் அதை எட்டிப்பார்க்கிறவர்கள் நிறையப் பேர். திறைசேரி பார்க்கிறது, கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார், பாராளுமன்றக் குழு கூப்பிட்டு வைத்துக் கேட்கிறது. தண்டவாளமும் பாலமும் கடவையும் சமிக்ஞையும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் திணைக்களத்துக்கு வெளியே ஆள் இல்லை. இந்த வித்தியாசம் கொழும்பில் அவ்வளவாகத் தெரியாது. பாதை முடிகிற ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. 1845இல் லண்டனில் இலங்கை ரயில்வே கம்பனி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கண்டிப் பக்கத்துக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதுதான் அவர்களுடைய கணக்கு. 1858இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனதில் 1861இல் அரசாங்கமே வேலையைப் பொறுப்பெடுத்தது. 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றர் ஓடிய முதல் ரயில் அரசாங்கத்தின் ரயில். இன்றும் அது திணைக்களம்தான்.

இந்தியாவில் நடந்தது வேறு. அங்கே தொடக்கத்தில் தனியார் கம்பனிகள் பாதை போட்டன. அவை சரியாகப் போடுகின்றனவா என்று பார்க்க அரசாங்கம் தன் பொறியியலாளர்களை மேலே நியமித்தது. கம்பனி வேறு, கண்காணிப்பவர் வேறு என்ற பழக்கம் அங்கே அப்படி வந்தது. இங்கே கம்பனி கருவிலேயே போய்விட்டதால் கண்காணிப்பவரும் பிறக்கவில்லை. அரசாங்கம் தன்னையே ஏன் கண்காணிக்க வேண்டும் என்று அன்றைய ஆளுநர்கள் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்களும் அப்படியே விட்டதுதான் ஆச்சரியம். 1902ஆம் ஆண்டின் ரயில்வே கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படைச் சட்டம். கல்லோயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகச் சுமார் 70 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குப் பாதை வந்து சேர்ந்தது 1920களின் பிற்பகுதியில். நம்முடைய பாதையை விட அதை ஆளும் சட்டத்துக்கு வயது அதிகம்.

திணைக்களம் என்ற நிலைக்குப் பணத்தில் ஒரு விளைவு உண்டு. திருகோணமலை ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்கும் டிக்கெட் காசு ரயில்வேயின் பெட்டியில் தங்குவதில்லை. அரசாங்கத்தின் திரட்டு நிதியத்துக்குப் போகிறது. செலவுக்கு ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டத்தில் பாராளுமன்றம் தனியாக ஒதுக்குகிறது. 306ஆம் தலைப்பு என்று தேடினால் கிடைக்கும். ஆக வருமானத்துக்கும் செலவுக்கும் நடுவே நேரடித் தொடர்பு இல்லை. இரவுத் தபால் ரயில் ஆசனம் இல்லாமல் நிரம்பி வழிந்தாலும், மாவும் சீமெந்தும் சீனக்குடாவிலிருந்து ரயிலேறினாலும், அந்தக் காசைக் கொண்டு இந்தப் பாதையில் ஒரு சிலிப்பர் கட்டையை மாற்ற வழி கிடையாது. பாதை நட்டத்தில் ஓடினாலும் அதற்காக யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. மொத்தமாகப் பார்த்தால் வருமானம் செலவை ஈடுசெய்வதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த நட்டத்தில் திருகோணமலைப் பாதையின் பங்கு எவ்வளவு என்பது பொதுவில் பேசப்படுவதே இல்லை.

பொது முகாமையாளர் மருதானையில் இருக்கிறார். நிதி விதிகளின்படி அவர் கணக்கீட்டு உத்தியோகத்தர், அதாவது திணைக்களத்தின் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அமைச்சின் செயலாளர் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர். நம் பாதையின் அன்றாட இயக்கம் அநுராதபுரத்திலிருந்து கவனிக்கப்படுகிறது. அமைச்சின் பெயர் அரசாங்கம் மாறும்போதெல்லாம் நீளும், சுருங்கும். அதைப் பாடமாக்குவதில் பயனில்லை. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் கணக்காய்வாளர் நாயகத்தின் கையைப் பலப்படுத்தியது. அவருடைய அறிக்கைகளில் மேலதிக நேரக் கொடுப்பனவு, ரயில்வே காணிக் குத்தகை நிலுவை போன்றவை திரும்பத் திரும்ப வரும். அவற்றை எடுத்து விசாரிப்பது கோபா குழு, அதாவது அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. செய்திகளில் அதிகம் அடிபடும் கோப் குழுவுக்கு ரயில்வே போவதில்லை. அங்கே போவது கூட்டுத்தாபனங்களும் சபைகளும். இ.போ.ச. பஸ் கோப் குழுவுக்கு, ரயில் கோபா குழுவுக்கு. ஒரே ஊருக்கு ஓடும் இரண்டு வண்டிகளையும் ஒன்றாக வைத்து, யாரால் எந்த வேலை நன்றாக நடக்கிறது என்று பார்க்கும் மேசை பாராளுமன்றத்தில் அந்த இரண்டு குழுக்களிலும் இல்லை.

இந்தக் கணக்காய்வு எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது? வாங்கிய எஞ்சினுக்கு விலைமனு சரியாகக் கோரப்பட்டதா என்பதைப் பிடிக்கும். எஞ்சின் போகும் பாலம் எப்படி இருக்கிறது என்பது அதன் வேலை அல்ல.

ஒரு சின்ன உதாரணம். கல்லோயாவுக்கு இப்பால் ஒற்றைப் பாதை. கிழக்குப் பாதைகளில் நெடுங்காலமாகப் பாதுகாப்புக்கு இருப்பது டேப்லட் முறை. டேப்லட் என்பது உள்ளங்கையளவு உலோக வில்லை. தோல் பைக்குள் போட்டு, கழுத்தில் மாட்டக்கூடிய அளவு பெரிய வளையத்தில் கோர்த்திருப்பார்கள். அதைக் கையில் வாங்காமல் சாரதி அடுத்த நிலையம் வரையான பாதைக்குள் நுழையக் கூடாது. நிலைய அறையில் இருக்கும் கருவி ஒரு நேரத்தில் ஒரு வில்லையைத்தான் வெளியே விடும்; அது அடுத்த நிலையத்துக் கருவிக்குள் போடப்படும் வரை இன்னொன்றை எந்தப் பக்கத்திலும் எடுக்க முடியாது. மேடையில் ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, எஞ்சினிலிருந்து இன்னொரு கை நீண்டு அதற்குள் நுழைந்து இழுத்துக்கொள்வதை இந்தப் பாதையில் பயணம் செய்த எவரும் பார்த்திருப்பார்கள். பழைய காலத்துச் சங்கதி என்று சிரிக்கலாம். ஆனால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வராமல் தடுப்பதில் அதைக் குறை சொல்ல இடமில்லை. பிரச்சினை கருவி பழுதாகும் போதுதான். அப்போது ரயிலை எழுத்து மூல அனுமதியில் அனுப்ப வேண்டிவரும். பாதுகாப்பு முழுவதும் இரண்டு நிலைய அதிபர்களின் தொலைபேசிப் பேச்சிலும் அவர்களுடைய தூக்கக் கலக்கத்திலும் வந்து நிற்கும். அது அடிக்கடி நடக்கிறதா, எப்போதாவதா என்பது திணைக்களத்தின் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. வெளியே ஒரு பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவிக்கலாம் என்றால், அப்படி ஒருவர் இல்லை.

அப்படி ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2025 ஏப்ரல் 6ஆம் திகதி இரண்டு கரைகளிலும் பார்க்கக் கிடைத்தது. அன்று காலை இந்தியப் பிரதமர் அநுராதபுரத்தில், இந்திய உதவியோடு புதுப்பித்த 128 கிலோமீற்றர் மஹவ–ஓமந்தைப் பாதையைத் திறந்துவைத்தார்; பிறகு இராமேஸ்வரம் போய்ப் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். பாம்பன் பாலத்தை அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சோதனை செய்திருந்தார். திட்டமிட்டதிலிருந்தே குறை இருக்கிறது என்று எழுதினார், வேகத்துக்கு வரம்பு போட்டார். அறிக்கை வெளியே வந்து பத்திரிகைகளில் அடிபட்டது. அந்த ஆணையர் இந்திய ரயில்வேயின் கீழ் இல்லை. 1941இலேயே அந்தப் பதவியை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்துவிட்டார்கள். இன்று அது சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கிறது. 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில் கிட்டத்தட்ட முந்நூறு பேர் இறந்த விபத்துக்கு, ரயில்வேயின் சமிக்ஞைப் பிரிவு செய்த வேலையில் இருந்த பிழையே காரணம் என்று எழுதியதும் அதே அமைப்புத்தான்.

இந்திய ரயில்வேயில் விபத்தே நடப்பதில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே பிழையை எழுதுகிறவர், பிழை செய்தவருக்குப் பதவி உயர்வுக் கடிதம் எழுதுகிறவர் அல்ல. இங்கே விபத்து நடந்தால் திணைக்களம் ஒரு குழு அமைக்கும். பெரிதாக இருந்தால் அமைச்சரும் ஒன்று அமைப்பார். உயிர் போனால் பொலிஸும் நீதவானும் தங்கள் பங்கைச் செய்வார்கள். பெரும்பாலும் ஒரு சாரதியோ ஒரு கடவைக் காப்பாளரோ அகப்படுவார்.

கடவைக் காப்பாளர் என்றதும் கொஞ்சம் நிற்க வேண்டும். மேற்பார்வை இல்லாமை என்பது எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையே அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய லேண்ட் மாஸ்டர்கள் தண்டவாளத்தைக் கடந்தபடியே இருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது, ரயிலின் ஊதல் எங்கே கேட்கப்போகிறது? இப்படி ஒரு கடவையில் தண்டவாளம் ரயில்வேயுடையது. குறுக்கே போகும் தெரு, அதன் தரத்தைப் பொறுத்து, வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது, மாகாணத்துடையது, அல்லது பிரதேச சபையுடையது. நாட்டின் பல கடவைகளில் காவலுக்கு நிற்கும் ஆளை அமர்த்தியது பொலிஸ். அதுவும் நிரந்தர வேலையாக அல்ல, நாளுக்குச் சில நூறு ரூபாய்க்கு. அந்த மனிதர்கள் சம்பளம் கேட்டுப் போராடியபோதெல்லாம், நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை என்று ரயில்வே சொல்ல முடிந்தது. அவர்களுக்குப் பயிற்சி போதுமா, கடவையில் மணி அடிக்கிறதா, பற்றை வளர்ந்து பார்வையை மறைக்கிறதா என்று கேட்டால் மூன்று அலுவலகங்கள் ஒன்றை ஒன்று பார்க்கும். 2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதரைக் கடவையில் பஸ் ஒன்று ரயிலில் மாட்டி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இருபது வருடங்கள் கழிந்தும், எந்தக் கடவை எந்த வகைப் பாதுகாப்போடு இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டு, செய்யாவிட்டால் அந்த மூன்றில் யாராக இருந்தாலும் தண்டிக்கக்கூடிய ஒரு கை இல்லை.

யானை விஷயமும் ஏறக்குறைய இதேதான். 2024 ஒக்டோபரில் மின்னேரியாவுக்கு அருகே எரிபொருள் ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. இரண்டு யானைகள் இறந்தன. 2025 பெப்ரவரியில் அதே வட்டாரத்தில் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்துப்போயின. பெட்டிகள் தடம் புரண்டும் பயணிகள் தப்பியது அதிர்ஷ்டம். யானை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, ரயில் ரயில்வேயின் பொறுப்பு, இரண்டும் இரு வேறு அமைச்சுகள். விபத்துக்குப் பின் கூட்டம் கூடி வேகத்தைக் குறைத்தார்கள், கிழக்குக்கு வரும் ரயில்களின் நேரத்தை மாற்றினார்கள். மாற்ற வேண்டியதுதான், யானைக்கும் நல்லது, ரயிலுக்கும் நல்லது. ஆனால் வேக வரம்பை எந்தக் கிலோமீற்றரிலிருந்து எந்தக் கிலோமீற்றர் வரை போடுவது, எத்தனை மணிக்குப் போடுவது, அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று எஞ்சினின் வேகப் பதிவை எடுத்துப் பார்ப்பது எல்லாம் மறுபடியும் ஓட்டுகிறவர் கையிலேயே விடப்பட்டது. இந்த வரம்பால் ஒரு மணித்தியாலம் தாமதித்துத் திருகோணமலையில் இறங்குகிறவருக்கு ஏன் தாமதம் என்று சொல்லவும் யாரும் இல்லை.

கட்டணத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பஸ் கட்டணத்துக்கு வருடாந்தத் திருத்தம் என்று ஒரு கொள்கையும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் இருக்கின்றன. மின் கட்டணத்தைத் திருத்த வேண்டுமானால் ஆணைக்குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. மாகாணங்களிலும் கூட்டம் வைக்கிறது. ரயில் கட்டணம் வருடக்கணக்காகத் தொடப்படாமல் கிடக்கும், பிறகு ஒரு நாள் வர்த்தமானியில் வரும். பயணிக்கு இது லாபமாகத்தான் தோன்றும். கட்டணம் ஏறாத வருடங்களில் பராமரிப்பு என்ன ஆனது என்பதை ரயிலின் மலசலகூடக் கதவைத் திறந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் மாற்ற ஒரு முயற்சி நடக்காமல் இல்லை. 1993ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ரயில்வேயை ஓர் அதிகாரசபையாக மாற்றப் பாராளுமன்றம் வழிசெய்தது. இன்றைக்கும் அது திணைக்களமாகவே இருக்கிறது என்பதிலிருந்து அந்த முயற்சி என்ன ஆனது என்று ஊகித்துக்கொள்ளலாம். தொழிற்சங்கங்களின் பயம் புரிந்துகொள்ளக்கூடியது: அரசாங்க ஊழியர் என்ற நிலை போனால் ஓய்வூதியமும் போகும், அதற்குப் பின்னால் தனியார்மயம் வரும். வேலைநிறுத்தம் என்றதும் 1979ஆம் ஆண்டின் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியைக் கையில் எடுக்கும் அரசாங்கங்கள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லாததும் நியாயம்தான்.

என் கருத்தில் அந்த விவாதமே தவறான இடத்தில் நின்றது. திணைக்களமா, அதிகாரசபையா, கம்பனியா என்பது ஓட்டுகிறவர் போடும் சட்டையைப் பற்றிய கேள்வி. பிரித்தானியாவில் 1990களில் தண்டவாளத்தைத் தனியார் கம்பனியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2000 ஒக்டோபரில் ஹற்ஃபீல்டில் வெடிப்பு விட்ட தண்டவாளம் சிதறி நான்கு பேர் இறந்தார்கள். மறு வருடமே கம்பனி நொடித்து நிர்வாகப் பொறுப்பாளர்களின் கைக்குப் போனது, பிறகு தண்டவாளம் சுற்றிச் சுற்றி அரசிடமே வந்து சேர்ந்தது. உரிமையாளர் மாறியும் அங்கே நிலைத்தது வெளியே நிற்கும் ஒழுங்குபடுத்துநர் என்ற ஏற்பாடு. விபத்தை விசாரிக்க 2005இலிருந்து தனியாக ஒரு பிரிவும் வேலை செய்கிறது. இங்கேயும் யாருடைய ஓய்வூதியத்தையும் தொடாமல் அதைச் செய்யலாம். பாதையையும் பாலத்தையும் கடவையையும் சோதித்து, வேக வரம்பு விதித்து, விபத்தை விசாரித்து, அறிக்கையை மூன்று மொழிகளிலும் வெளியிடும் ஒரு பாதுகாப்பு ஆணையர், போக்குவரத்து அமைச்சுக்கு வெளியே. அதற்கு ஒரு சின்ன அலுவலகமும் ஒரு சட்டமும் போதும். டித்வா புயல் சிதைத்த மலையகப் பாதைகளைப் பொறுத்தவரை இது இன்னும் அவசரமான தேவை. அங்கே புதிதாகக் கட்டும் ஒவ்வொரு மதகையும் கட்டியவரே சரி என்று சொல்லி ரயிலை விடப்போகிறார்.

அதுவரை திருகோணமலைக்காரரிடம் இருப்பது என்ன? மாகாண சபைக்கு ரயிலில் அதிகாரம் இல்லை. மாவட்டத்துக்கு நான்கு பாராளுமன்ற உறுப்பினர்கள். அவர்கள் இருக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ரயில் விஷயத்தை எழுப்பலாம். அங்கே வரும் ரயில்வே அதிகாரி குறித்துக்கொண்டு போவார். அவருக்கும் மேலே சொல்வதைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. தமிழில் அறிவிப்பு இல்லை, தமிழில் பதில் இல்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இதில் மட்டும் நம் பக்கம் சட்டம் தெளிவாக இருக்கிறது.

எல்லாவற்றையும் விடக் கூர்மையான கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். கல்லோயாவிலிருந்து திருகோணமலை வரையான பாலங்களின் பட்டியல், ஒவ்வொன்றும் கடைசியாகச் சோதிக்கப்பட்ட திகதி, இப்போது நடைமுறையில் உள்ள வேக வரம்புகளும் அவற்றின் காரணமும், டேப்லட் இல்லாமல் ரயில் அனுப்பப்பட்ட நாட்கள், பாதுகாப்பற்ற கடவைகளின் கிலோமீற்றர் இலக்கம், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான நிறுவனத்தின் பெயர் என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். பிரதியின் செலவு சில நூறு ரூபா வரலாம்.